கிளைடர் இருக்கையில் ஐந்தாவது வாரைப் பொருத்துதல்

காற்றில் மிதந்து பறக்கும் விமானங்களான கிளைடர்களில் பெரும்பாலானவற்றில் விமானியை இருக்கையோடு பிணைப்பவை நான்கு வார்கள். இரண்டு இடுப்பின் இருபுறமிருந்தும் இரண்டு தோள்களின் மேலாகவும் வந்து ஒரே பக்கிளில் சேர்கின்றன. தோள்வார்களை இறுக்கும்போது அவை பக்கிளை மேலே இழுக்கின்றன. அதோடு இடுப்புவாரும் எழுந்து, இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டியது மென்மையான வயிற்றின் மேல் போய் அமர்கிறது. கிளைடரில் விமானி மல்லாந்து சாய்ந்து அமர்வதால், விமானம் தரையில் மோதினால் உடல் அந்த வாருக்கு அடியில் கால்பக்கமாக வழுக்கிச் செல்லும் அபாயம் கூடுகிறது. தொடைகளுக்கு இடையிலிருந்து வந்து பக்கிளைக் கீழே பிடித்துவைக்கும் ஐந்தாவது வார் இதைத் தடுப்பதற்கானது. கடுமையான காற்றுக் குலுக்கலில் உடல் இருக்கையை விட்டு எழும்பித் தலை மேல்மூடியில் மோதுவதையும் அது குறைக்கிறது.

துளையிடும் கருவியைக் கையில் எடுக்கும் முன் உங்கள் விமான வகையின் பராமரிப்புக் கையேட்டையும் தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்புகளையும் படியுங்கள். ஐந்தாவது வாருக்கான இடத்தைத் தயாரிப்பாளரே அமைத்திருந்தால் வேலை பெரிதும் எளிதாகிவிடும். அப்படி இல்லையெனில் இது விமானத்தின் அமைப்பையே மாற்றும் வேலை; அதிகாரம் பெற்ற ஆய்வாளர் வரைபடத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். வாரை வீட்டில் தைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நாடாவின் வலிமை எவ்வளவு இருந்தாலும் தையல் விட்டால் பயனில்லை. கண்ணால் பார்த்துத் தையலின் வலிமையைக் கணிக்கவும் முடியாது. சான்றளிக்கப்பட்ட வாரை, அதற்கேற்ற ஐந்தாவது வாய் உள்ள பக்கிளோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய பக்கிளில் இடமில்லை என்பதற்காக இடுப்புவாரைச் சுற்றி முடிச்சிடுவது, அவசரத்தில் விமானத்தை விட்டு வெளியேறும் வழியையே அடைத்துவிடும்.

வார் எங்கே பிணைக்கப்படுகிறது என்பதில்தான் இந்த வேலையின் சாரம் இருக்கிறது. பிணைப்பு உடலுக்கு மிக நெருக்கமாக, பக்கிளிலிருந்து ஏறத்தாழ நேராகக் கீழே அமைய வேண்டும். அதை வெகுவாக முன்னால் தள்ளி வைத்தால், உடல் அவ்வளவு தூரம் வழுக்கிய பிறகே வார் இறுகும். 90 கிலோ எடையுள்ள ஒருவர் புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையில் முன்னோக்கித் தள்ளப்பட்டால் வார்கள் அனைத்தும் சேர்ந்து 810 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். அதில் ஒரு பங்குகூட மெல்லிய கண்ணாடியிழை இருக்கைத் தட்டை ஒரு போல்ட் கிழித்துக்கொண்டு வெளியேறப் போதுமானது. ஆகவே தட்டின் அடியில், ஒப்புதல் பெற்ற வரைபடம் கூறும் அளவில் உலோகத் தாங்குதகடோ கூடுதல் கண்ணாடியிழை அடுக்குகளோ வைத்து விசையைப் பரவச் செய்ய வேண்டும். அவற்றை ஒட்டும் எபாக்சிப் பிசின் படும் பரப்பில் வண்ணப்பூச்சை முழுவதும் தேய்த்து நீக்கி, தூசியைத் துடைத்து, பிசின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட நேரம் இறுக விடுங்கள்.

பல கிளைடர்களில் இருக்கைக்கு அடியிலேயே கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து செல்லும் இயக்கக் கம்பிகள் ஓடுகின்றன. இருக்கைத் தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுங்கள். முடியாவிட்டால் சிறு கண்ணாடியால் அடிப்பகுதியைப் பார்த்து, துளையிடும் முனையில் ஆழத்தடை பொருத்தி, கீழே விழும் தூளையெல்லாம் உறிஞ்சி எடுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டையே பயன்படுத்துங்கள். தட்டில் வார் நுழையும் பிளவின் விளிம்பை உருட்டி மழுங்கச் செய்யாவிட்டால், அது நாளடைவில் நாடாவை அறுத்துவிடும்.

பொருத்தியபின், அந்த விமானத்தை ஓட்டுபவர்களில் மிகப் பருமனானவரையும் மிகச் சிறியவரையும் பாராசூட்டோடு அமரச் செய்து, தண்டை முழுவதும் பின்னால் இழுத்து, அதே நிலையில் இடமும் வலமும் இறுதிவரை அசைக்கச் சொல்லுங்கள். வாரின் சரிசெய்யும் கொக்கி எந்த இடத்திலும் தண்டைத் தொடக் கூடாது. ஒருமுறை தொட்டாலும் இடத்தை மாற்றுங்கள், ஏனெனில் தண்டு தடைபடுவது வார் இல்லாததைவிட ஆபத்தானது. பாராசூட்டின் கால்வார்கள் ஐந்தாவது வாரோடு பின்னிக்கொள்ளாமல், பக்கிளை ஒரே திருப்பில் விடுவித்ததும் விமானி தடையின்றி எழ முடிகிறதா என்பதையும் தரையிலேயே பலமுறை பாருங்கள். பிறகு எடை மாற்றத்தையும் செய்த வேலையையும் விமானத்தின் பதிவேட்டில் எழுதி ஆய்வாளரின் கையொப்பம் பெற வேண்டும்.

அணியும்போது ஐந்தாவது வாரையும் இடுப்புவார்களையும் பக்கிளில் பூட்டி, இடுப்புவாரை இயன்றவரை கீழே படியவைத்து நன்றாக இறுக்குங்கள். அதன் பின்னரே தோள்வார்கள். ஐந்தாவது வாரில் தொய்வு இல்லாதிருந்தால் போதும், அழுத்தத் தேவையில்லை. அமுங்கும் மெத்தையின் மேல் அமர்ந்தால் பறக்கும்போது எல்லா வார்களும் தளரும் என்பதால், மெதுவாக மட்டுமே அமுங்கும் கெட்டியான நுரையைப் பயன்படுத்துங்கள். இரட்டை இருக்கை விமானத்தில் தனியாகப் பறக்கும் நாளில், காலி இருக்கையின் ஐந்து வார்களையும் பக்கிளில் பூட்டி இறுக்கி, அங்குள்ள தண்டு தடையின்றி அசைகிறதா என்று பார்த்த பிறகே மேல்மூடியை மூடுங்கள்.