பழைய கேம் ஆட கன்சோல் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்புக் குவியல்களுக்கு நடுவே '400 இன் 1' என்று எழுதிய சின்ன கேம் பெட்டிகள் கண்ணில் படும். விலை சில நூறு ரூபாய். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கினால் சரி. சின்ன வயதில் ஆடியதையெல்லாம் திரும்ப ஆடலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். அதில் ஓடுவது மிகப் பழைய, எளிய 8-பிட் கேம்கள் மட்டுமே. பாதியில் சேமித்துவிட்டு நாளை தொடரவோ, புது கேம் சேர்க்கவோ பெரும்பாலும் வழியில்லை.

இதே தவறு, பழைய கேம்களை ஓட்டும் ஐயாயிரம் ரூபாய் கையடக்க கன்சோலிலும் நடக்கிறது. பெட்டியில் எத்தனை ஆயிரம் கேம் என்று பார்த்து வாங்குகிறோம். அந்த எண்ணிக்கைக்கும் கன்சோலின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது மெமரி கார்டில் அனுமதியின்றி நகலெடுத்துப் போட்ட கோப்புகளின் கணக்கு, அவ்வளவுதான். முதலில் ஒரு தாளை எடுத்து, நிஜமாகவே ஆட ஆசைப்படும் பத்து கேம்களை எழுதுங்கள். எந்த கன்சோல் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

டிவியில் கேசட் போட்டு ஆடிய காண்ட்ரா, மாரியோ, அப்புறம் நிண்டெண்டோவின் பழைய கைக்கருவி கேம் பாயின் வகைகள்தான் பட்டியலில் இருக்கின்றன என்றால் மியூ மினி பிளஸ் தாராளம். 3.5 அங்குலத் திரை, சட்டைப் பையில் அடங்கும் அளவு. கட்டைவிரலால் சாய்த்து ஆடும் ஸ்டிக் கிடையாது, இந்த கேம்களுக்கு அது தேவையும் இல்லை. பிளேஸ்டேஷன் 1-இன் டெக்கன் 3 கூட இதில் நன்றாக ஓடும். சேகாவின் ட்ரீம்காஸ்ட், கொஞ்சம் சோனியின் கைக்கருவி பிஎஸ்பி என்று ஆசை நீண்டால் ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் மாதிரி இரண்டு ஸ்டிக் உள்ள, எச்700 சிப் போட்ட கன்சோலுக்குப் போங்கள். அதிலும் கனமான பிஎஸ்பி கேம்கள் திணறும். பட்டியலில் பிளேஸ்டேஷன் 2-இன் சான் ஆண்ட்ரியாஸ் இருந்தால் இந்த விலையில் தேடுவதையே நிறுத்திவிடுங்கள். 'பிஎஸ்2 ஓடும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்கு இன்னும் வலுவான சிப் உள்ள ஆண்ட்ராய்டு கன்சோல் வேண்டும், செலவு வேறு.

தெருமுனைக் கடையில் காசு போட்டு ஆடிய 'முஸ்தபா' பலருடைய பட்டியலில் முதலில் வரும். 1993-இல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்தான் அது. இதை ஓட்டுவது சிப்புக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் ஆர்கேட் கேம்களின் கோப்பைக் கையாளுவதில்தான் தவறு நடக்கும். முஸ்தபா 'டைனோ' (dino) என்ற பெயரில் ஒரு ஜிப் கோப்பாக இருக்கும். பழைய கேமை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டர் கேமை அடையாளம் காண்பதே அந்தப் பெயரை வைத்துத்தான். ஜிப்பை விரித்தாலோ, பெயரை 'முஸ்தபா' என்று மாற்றினாலோ கேம் திறக்காது. கன்சோலில் கோளாறு என்று அதைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

திரையை அங்குலத்தில் மட்டும் அளக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டிலும் திரை 640×480 புள்ளிகள். பிளேஸ்டேஷன் 1-இன் பல கேம்கள் 320×240 என்பதால் சரியாக இரண்டு மடங்காகிப் பொருந்தும். கேம் பாய் அட்வான்ஸ் 240×160. இரண்டு மடங்காக்கினால் சுற்றிலும் கறுப்பு விளிம்பு விழும்; அகலம் முழுக்க இழுத்தால் புள்ளிகள் சமமில்லாமல் படம் மங்கலாகும். ஆன்பெர்னிக்கின் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸில் திரை 720×480, சரியாக மூன்று மடங்கு. அட்வான்ஸ் கேம்கள்தான் உயிர் என்பவர்கள் யோசிக்காமல் இதை வாங்கலாம்.

விலை குறைவென்று பலரும் கேட்பது ஆர்36எஸ். நல்ல கன்சோல்தான், ஆனால் போலிகள் ஏராளம். வெளிக்கூடு அச்சு அசலாக இருக்கும், உள்ளே சர்க்யூட் பலகை வேறு. அசலில் ஆர்கே3326 சிப், ஆர்க்ஓஎஸ் என்ற இயங்குதளம். விற்பவரிடம் கன்சோலை ஆன் செய்து, சிஸ்டம் விவரம் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கூடவே வரும் பெயரில்லாத மெமரி கார்டு சீக்கிரம் போய்விடும், உங்கள் சேமிப்புகளும் அதோடு போகும். நல்ல பிராண்டு கார்டு வாங்கி மாற்றிவிடுங்கள். ஆர்36எஸ்ஸில் மாற்றும் முன் பழைய கார்டில் உள்ள, எந்தத் திரை என்று கன்சோலுக்குச் சொல்லும் டிடிபி (.dtb) கோப்புகளைக் கணினியில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் திரை வேறு. அதற்குரிய டிடிபி இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

போன் வேகமாகச் சார்ஜ் ஆகும் அடாப்டரை இந்த கன்சோல்களில் செருகாதீர்கள். சாதாரண 5 வோல்ட் அடாப்டர், ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி உள்ள கேபிள் போதும். இரு முனையும் டைப்-சி என்றால் பல மலிவு கன்சோல்கள் சார்ஜே ஏறாது. ஆர்36எஸ்ஸில் இரண்டு துளை இருக்கும். சார்ஜுக்கு டிசி என்று எழுதியது.

இவற்றை விற்கும் சீன ஆன்லைன் கடையான அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை. அதனால் பெரும்பாலும் இங்குள்ள ஆன்லைன் விற்பனையாளர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கும்; திருப்பி அனுப்பும் கெடுவைப் பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே காண்ட்ராவைப் போட்டு, இடம் வலம் மட்டும் அழுத்தி ஓடவிடுங்கள். மேலே கீழே தொடாமலே ஆள் துப்பாக்கியைச் சாய்த்துக் குறி வைத்தால் திசைப் பட்டனில் குறை இருக்கிறது. கெடு முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள்.