போனில் பேசியதை அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்

தொழிலில் கோர்ட் வரை போகும் பல தகராறுகள் பெரிய மோசடியில் தொடங்குவதில்லை. "அன்னைக்கு போன்ல அப்படித்தானே பேசினோம்" என்பதில்தான் தொடங்குகின்றன. ஒப்பந்தத்தில் ஒரு தேதி இருக்கும். நடுவில் யாரோ "இரண்டு வாரம் தள்ளிக்கலாம்" என்பார், நாமும் சரி என்று வைத்துவிடுவோம். பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வரும்போது கையில் இருப்பது அந்தப் பழைய தேதி மட்டும்தான்.

அதனால் போனை வைத்த கையோடு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, சரக்கு 10ஆம் தேதிக்குப் பதில் 24ஆம் தேதி வரும். விலையில் மாற்றமில்லை. வேறு மாதிரிப் புரிந்திருந்தால் தெரிவிக்கவும்." அன்றே எழுதியதற்கு உள்ள மதிப்பு, பின்னால் நினைவிலிருந்து சொல்வதற்கு இருக்காது. இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் திருத்தம் செல்லும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மின்னஞ்சல் போதாமல் போகலாம், கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

இதையும் மீறி வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டதா? கோபத்தில் பதில் தட்டாதீர்கள், அதுவே எதிர்த்தரப்புக்குச் சாட்சியமாகிவிடும். வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, உறையோடு வழக்கறிஞரிடம் கொடுங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக அழியும் வசதியை அன்றே நிறுத்துங்கள். பாதகமான செய்தியைவிட அதை அழித்ததுதான் பல நேரம் ஆளைக் கவிழ்க்கும். பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடுகட்டும் பாலிசி) இருந்தால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே எழுதுங்கள். தாமதத்தைக் காட்டியே கையை விரிக்க அவர்களுக்கு இடமுண்டு.