புகை வெளிய போகணும்னா காத்து உள்ள வரணும்

தக்கலை பக்கம் ரோட்டோரம் நம்ம ஓட்டல். சோறும் குழம்பும் ரப்பர் விறகுல, வடையும் மீன் பொரிப்பும் கேஸ்ல. புகை தாங்காம 18 இஞ்ச் எக்ஸாஸ்ட் பேன் வாங்கி மாட்டினேன். மாட்டுனவரு, "பெருசா போட்டா புகை நிக்காது"ன்னாரு. சுவிட்சைப் போட்டதும் விறகடுப்புக் குழாய் வழியா மேல போற புகை திரும்பி அடுக்களைக்குள்ளயே இறங்கிச்சு. வாழையிலைக்காரர் வந்து பின்கதவைத் தள்ளித் திறந்தாரு, புகை மறுபடி மேல ஏறிச்சு. பேன் இழுக்குற அளவு காத்து உள்ள வர வழியில்லாம, குழாய் வழியா இழுத்திருக்கு.

நீங்களும் பாத்துக்கிடலாம். எல்லா அடுப்பையும் எரியவிட்டு, கதவு சன்னல வழக்கம்போல வச்சு, பேனைப் போட்டுட்டு ஊதுபத்தி ஒண்ண ஹூட், அதான் அடுப்புக்கு மேல புகையைப் பிடிக்கத் தொங்குற கூண்டு, அதோட விளிம்புல பிடிங்க. புகை ஹூட்டுக்குள்ள சாயணும். மாஸ்டர் மூஞ்சிக்கு வந்தா பின்கதவைத் திறந்து மறுபடி பிடிச்சுப் பாருங்க. இப்ப உள்ள சாஞ்சா குறை பேன்ல இல்ல. பேனுக்கு எதிர்ச் சுவத்துல, தரையோரமா, சாக்கடையும் புகைக்குழாயும் இல்லாத பக்கம் வலையடிச்ச ஜாலி விடுங்க.

ஹூட் அடுப்பை விட, சுவர் இல்லாத பக்கமெல்லாம் அரை அடி நீட்டி இருக்கணும். எங்களுக்கு அடுப்பளவுதான் இருந்துச்சு. ஓரத்துல இருந்த மீன் சட்டிப் புகை அப்படியே நழுவிப் போச்சு. பொரிக்கிற அடுப்பைச் சுவரோட சேத்து வையுங்க. மேற்குச் சுவத்துல பேன் வேண்டாம், ஆனி ஆடிக் காத்து புகையை உள்ளயே தள்ளும். குழாயைக் கூரைக்கு மேல ஏத்தித் தொப்பி மாட்டுங்க.

கேஸ்னா புகையில்லன்னு நினைக்காதீங்க. எண்ணெய் புகைஞ்சா போதும். அதிகச் சூட்டுல பொரிக்கும்போது வர்ற ஆவியை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' வகையில, 2A-ல வச்சிருக்கு. புகை கிளம்பும் முன்னே தீயைக் குறையுங்க. கருத்த எண்ணெய் சீக்கிரமே புகையும், கொட்டிருங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சினா எண்ணெய் கெட்டு அதுல சேர்ற 'மொத்த போலார் சேர்மம்' 25 சதவீதம் தாண்டின எண்ணெயில பொரிக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு. கேஸ் தீ மஞ்சளா எரிஞ்சா பர்னர் அடைச்சிருக்கலாம்.

ஹூட் பில்டரை வாரம் ஒருக்கா வெந்நீர்ல ஊறப் போடுங்க. ஸ்டீல்னா சலவைச் சோடா போடலாம், அலுமினியத்துக்குப் பாத்திர சோப்பு மட்டும். சோடால கருத்துப் போகும், நான் ரெண்டு பாழாக்கினவன்.

விறகு ரெண்ட மோதிப் பாருங்க. கணீர்னா காஞ்சது, மொத்துன்னா ஈரம், புகைக்கும்.

ராத்திரி கனல் கிடக்கும்போது அடுக்களைல யாரையும் படுக்க விடாதீங்க. கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயுவுக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல் வந்தா எல்லாரும் உடனே வெளிய வந்திருங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.