நாயைத் தோட்டத்துக்கு அனுப்பாதீர்கள்: மீட்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் தெருநாய்க்குச் சோறு வைப்பதில் தொடங்கி, அடிபட்டதை ஈப்போ கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கடைசியில் வீட்டுப் பின்கட்டு நிறைய நாய்களோடு விழித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் இப்போது நிறைய பேர். நல்லதுதான், ஆள் வேண்டும். ஆனால் பழைய ஆட்கள் நாங்கள் எங்கெங்கே கையைச் சுட்டுக்கொண்டோமோ, அங்கெல்லாம் இவர்களும் வரிசை மாறாமல் கையை வைக்கிறார்கள்.

தண்ணீர் வை, தடுப்பூசி போடு, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வருவதில்லை. நல்ல மனசோடு செய்து, நாயின் உயிருக்கே வினையாகும் காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

புதுக் குட்டியை அன்றைக்கே மற்ற நாய்களோடு விடுவது

பாசார் மாலாம் (இரவுச் சந்தை) ஓரத்தில் பெட்டியில் கிடந்த குட்டி. துறுதுறுவென்று இருக்கிறது, வாலை ஆட்டுகிறது, நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மற்ற குட்டிகளோடு ஒரே கூண்டில் போட்டுவிடுகிறார்கள்.

குட்டிகளைக் கொல்லும் குடல் நோயான பார்வோவின் கிருமி உள்ளே போய் அறிகுறி வெளியே தெரிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். இன்று துள்ளுகிற குட்டி நாலாம் நாள் வாந்தி எடுக்கும், பிறகு துர்நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். அதற்குள் கூண்டில் இருந்த எல்லாவற்றுக்கும் தொற்றியிருக்கும். குட்டிகள் செத்த பிறகும் கிருமி சாகாது. நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். நம் ஊர்ப் பின்கட்டு எல்லாமே நிழலும் ஈரமும்தான். சாதாரண சோப்பும் டெட்டாலும் இதற்குப் போதாது. சிமெண்டுத் தரையை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, குளோராக்ஸ் வெளுப்பான் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். மண் தரைக்கு அதுவும் எடுபடாது.

ஆகவே புதிதாக வருவது எதுவானாலும் இரண்டு வாரம் தனி இடம், தனித் தட்டு, அதற்கென்று தனிச் செருப்பு. இடமில்லை என்றால் அந்தக் குட்டியை எடுக்க இன்னும் உங்களுக்கு நேரம் வரவில்லை. இடம் இருக்கும் ஆளுக்குப் போன் போடுங்கள்.

சொறிக்கு மிஞ்ஞாக் ஹித்தாம்

கூடவே கூடாது. மிஞ்ஞாக் ஹித்தாம் என்பது மோட்டாரில் வடித்த கறுப்பு எண்ணெய்; பூசினால் நாய் நக்கும், நஞ்சு உள்ளே போகும். சொறிக்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை.

தோட்டத்துக்கு அனுப்புவது

"அக்கா, நல்ல இடம் கெடைச்சிருச்சு. பத்து ஏக்கர். நல்லா ஓடியாடி இருக்கலாம்."

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. சொல்பவர் சந்தோஷமாகச் சொல்வார், அதுதான் இன்னும் எரிச்சல்.

நாயைக் கைகழுவ நினைக்கும் டவுன்காரர் எல்லோருக்கும் தோட்டம் என்றால் ஒரு கனவு. ஈப்போவில் காண்டோவுக்கு மாறுகிற குடும்பம், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோலாலம்பூர் போகிற அம்மா, குரைக்கிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை வந்த ஆள் என்று எல்லோரும் காரில் ஏற்றிக்கொண்டு நம் பக்கம் வந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓரத்தில் இறக்கிவிடுகிறார்கள். இறக்கிவிட மனசு வராதவர்கள் மீட்புக்காரர்களிடம் கொடுக்கிறார்கள். மீட்புக்கு வந்த புதுப் பிள்ளையோ, "காவலுக்கு நாய் வேணும்" என்று கேட்ட முதல் கெபுன்காரரிடம் (பழத்தோட்டக்காரரிடம்) அதைக் கொடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கனவு வந்த இடம் தெரியும். தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தில் நாய்கள் நன்றாகத்தான் இருந்தன. லயத்தில் வரிசையாக வீடு, எந்நேரமும் யாராவது வாசலில், மிச்சச் சோறு, கருவாட்டுத் தலை. நாய் எங்கே சுற்றினாலும் அது இன்னார் வீட்டு நாய் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோட்டம் இப்போது எங்கே இருக்கிறது? பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் லயத்தை இடித்துவிட்டார்கள், நம் சனம் டவுனுக்கும் மலிவு வீடுகளுக்கும் போய்விட்டது. போகும்போது நாயை விட்டுவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு, அடுக்குமாடியில் ஏற்ற முடியாது என்று. இன்று குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களிலும் நாய்க்குச் சோறு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் விமானம் ஏற வேண்டியவர்கள் அவர்கள். நாய் அங்கேயே நிற்கும்.

மத்தியானம் தாண்டிச் செம்பனைக்குள் போய்ப் பாருங்கள். மனித வாசனையே இருக்காது. இருப்பதெல்லாம் எலி. எலிக்காக மரத்தடியில் மருந்துக் கட்டி வைத்திருப்பார்கள். பசித்த நாய் கட்டியையும் தின்னும், செத்த எலியையும் தின்னும். அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்வது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து படுத்துவிடும். நேரத்தோடு பார்த்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஆளில்லாத தோட்டத்தில் யார் நேரத்தோடு பார்ப்பது? எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். நம் பக்கத்து நாகம் விஷத்தை முகத்தில் துப்பும், நாய்க்கு அது கண்ணில் விழும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். இதெல்லாம் போகக் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி. கண்ணியில் கால் மாட்டிய நாய் இழுக்க இழுக்கக் கம்பி இறுகி எலும்பு வரை போகும். எங்கள் ஊரில் மூன்று காலோடு நடக்கும் நாயைப் பார்த்தால் கார் மோதியதா என்று யாரும் கேட்பதில்லை, கண்ணியா என்றுதான் கேட்பார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். செம்பட்டை நிறப் பெட்டை, நாலு பாதமும் வெள்ளை, நல்ல புத்திசாலி. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கிளினிக் செலவெல்லாம் பார்த்துத் தேற்றினான். லிந்தாங் சாலைப் பக்கம் டுரியான் கெபுன் வைத்திருக்கும் ஒருவர் ஹைலக்ஸ் வண்டியில் வந்தார், நாயைத் தடவிக் கொடுத்தார், அதுவும் அவர் கையை நக்கியது. தம்பிக்கு அது போதும், கொடுத்துவிட்டான். கருத்தடை ஆகவில்லை. "அவரே பண்ணிக்கிறேன்னு சொன்னாருக்கா."

டுரியான் விழும் காலம் வரை சரி. இரவுக்காவலுக்கு அந்தக் கெபுன்காரரே குடிசையில் தங்கினார், நாய்க்கும் சாப்பாடு கிடைத்தது. காய்ப்பு முடிந்ததும் அவர் கீழே இறங்கிவிட்டார். நாயைக் குடிசைத் தூணில் கட்டிப் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை சோறு கொண்டுபோனார். பெயிண்டு டின்னில் மழைத் தண்ணீர். அந்தப் பக்கத்துக் கடுவன்களுக்குப் பெட்டையின் வாசனை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? குட்டிகள் பிறந்தன. கெபுன்காரர் என்ன செய்வார், பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தார். பைரவர் வாகனம், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று.

பார்த்துக்கொண்டது அதே தம்பிதான். யாருடைய குட்டிகள் என்று தெரியாமலே தூக்கிக்கொண்டு வந்தான். நாலு வெள்ளைப் பாதத்தைப் பார்த்துவிட்டு நான்தான் "தாய் எங்கே" என்று கேட்டேன். போய்ப் பார்த்தபோது சங்கிலி கழுத்துச் சதைக்குள் போயிருந்தது. கெபுன்காரர் கெட்டவர் இல்லை. "நான் சோறு போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார், அவர் முகத்தில் நிஜமான வருத்தம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மணி. யார் வந்தாலும் அடிக்கிற மணி. நாம் உயிரைக் கொடுத்தோம்.

அதனால் கெபுன், தோட்டம், கோழிப்பண்ணை, ஸ்டோர் என்று யார் கேட்டு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: இரவில் அங்கே யார் தூங்குகிறார்கள்? வருஷம் முழுக்க ஒரு மனிதன் தூங்காத இடத்துக்கு நாய் போகக் கூடாது. எத்தனை ஏக்கர் என்பது எனக்குத் தேவையில்லாத கணக்கு. இருபது அடி அகல வரிசை வீட்டில், மாலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடக்கும் தாத்தா இருந்தால் அதுவே மேல்.

பதில் திருப்தியாக இருந்தாலும் நேரில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில் மத்தியானம் போங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போங்கள். கொடுக்கும்போதே, "வேண்டாம்னு தோணுச்சுன்னா வேற யாருக்கும் குடுக்காதீங்க, எங்கக்கிட்டயே திருப்பிக் குடுங்க, ஏன்னு கேக்க மாட்டோம்" என்று சொல்லி எழுதி வாங்குங்கள். கேட்க மாட்டோம் என்று சொன்னால் கேட்கவும் கூடாது. திட்டுவோம் என்று பயந்துதான் பாதி பேர் இருட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள்.

"ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பாக்கலாம்"

எதற்கு? பெட்டைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆறு மாதத்திலேயே முதல் பருவம் வந்துவிடலாம், சினைக்காலம் சுமார் 63 நாள், பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை அதே கதை. முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. குட்டிகளைக் கேட்டு வைத்தவர்கள் பிறந்த பிறகு போனை எடுக்க மாட்டார்கள், இதுவும் எழுதாத சட்டம்.

கருத்தடை ஆகாத பெட்டையைக் கையில் கொடுப்பது

மேலே சொன்ன கதையே போதும்.

உரிமம் கேட்காமல் கொடுப்பது

நாய்க்கு நகராண்மைக் கழக உரிமம் எடுக்க வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் சிறியது. ஆனால் வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் என்று வரம்பு இருக்கும், அது ஊருக்கு ஊர் மாறும். அடுக்குமாடியில் நாய்க்கு இடமே இல்லாத கட்டடங்கள் உண்டு. வரம்பு தாண்டிய வீட்டில் மூன்றாவது நாயைக் கொடுத்தால், முதல் புகார் வந்த அன்றே அது உங்கள் வாசலுக்குத் திரும்பி வரும், சில சமயம் மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு.

அண்டை வீட்டாரை மறப்பது

நம் தாமான்களில் பக்கத்து வீடு மலாய்க்காரர் வீடாக இருப்பது சகஜம். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீர். கேட்டைத் திறந்து போட்டு நாயை உலவவிடும் நாம், அந்த வேலையை அவர்கள் தலையில் வைக்கிறோம். பிறகு அவர் புகார் கொடுத்தால் "நாய் பிடிக்காதவங்க" என்று பேசுவது நியாயமில்லை. எனக்குத் தெரிந்து ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா), கையில் உறை மாட்டிக்கொண்டு தினமும் தெருநாய்க்கு மீன் தலை வைக்கிறார். நாய் கேட்டுக்குள் இருக்கட்டும், கழிவை அன்றன்றே அள்ளுங்கள், சண்டையில் முக்கால்வாசி வராது.

தீபாவளி

வெடி ஆரம்பிக்கும் முன் நாய் வீட்டுக்குள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர்.

"நாயை எடுத்துக்கிறீங்களா" என்ற போனுக்கு உடனே பதில் சொல்வது

புதியவர்கள் இரண்டில் ஒன்று செய்கிறார்கள். ஒன்று, "சரி, கொண்டு வாங்க" என்று இல்லாத இடத்தை வாக்குக் கொடுப்பார்கள். அல்லது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தைச் சொல்லி, இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முதல் ஒரு லட்சம் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை என்று மிரட்டுவார்கள். சட்டம் உண்மைதான், கொடுமைக்கு அந்தத் தண்டனை இருக்கிறது. ஆனால் போன் போட்டுக் கேட்கிற ஆளை மிரட்டினால் அடுத்த தடவை போன் வராது, செம்பனை ஓரத்தில் நாய்தான் வரும்.

ஏன் கொடுக்க நினைக்கிறார்கள் என்று கேளுங்கள், முதலில் சொல்லும் காரணத்தோடு நிறுத்திவிடாமல். "பிள்ளை பொறந்திருக்கு" என்பார்கள்; பேசிப் பார்த்தால் உண்ணிதான் பயம். மாதம் ஒரு மாத்திரையில் தீரும் விஷயம். "கடிக்குது" என்பார்கள், சாப்பிடும்போது தட்டை இழுக்கும் ஐந்து வயதுப் பையன் இருப்பான். "ராத்திரி பூரா குரைக்குது" என்றால் பெரும்பாலும் பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க வைத்தாலே பாதி அடங்கும். "வீடு மாறுறோம்" என்றால் எந்தத் தேதி என்று கேளுங்கள், இரண்டு மாதம் இருந்தால் அவர்கள் வீட்டில் வைத்தே புது இடம் தேடலாம். கூண்டில் இருக்கும் நாயைவிட வீட்டில் இருக்கும் நாய்க்கு இடம் கிடைப்பது சுலபம். பணம்தான் பிரச்சினை என்று சொல்லக் கூச்சப்பட்டு வேறு காரணம் சொல்பவர்களும் நிறைய. அவர்களுக்கு மருந்துச் செலவில் பாதியைக் கொடுப்பது, அந்த நாயை நீங்கள் வருஷக்கணக்கில் வைத்துச் சோறு போடுவதைவிட மலிவு.

இத்தனையும் பேசிய பிறகும் சிலர் கொடுத்துவிடத்தான் போகிறார்கள். இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நம்பரை அழிக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்து, வாங்கிய புதுக் குட்டி வளர்ந்துவிட்டது என்று அதே ஆள்தான் மறுபடி கூப்பிடுவார்.