ஏரிக்கரை ஊரில் சூரியன் மறைவதைப் பார்க்க இடம் பிடிப்பது எப்படி

ஏரி இருக்கிற ஊருக்குப் போனால் விடுதிக்காரரிடம் "சன்செட் பாயின்ட் எங்கே?" என்று மட்டும் கேட்காதீர்கள். கம்பி வேலியும் பெயர்ப்பலகையும் வைத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதிரி இடங்களில் பல, பேருந்து திரும்ப வசதியாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்தவை என்பது என் சந்தேகம். நான் கேட்பது வேறு: "கிழக்குக் கரைக்கு நடந்து போக வழி உண்டா?"

சூரியன் தண்ணீர்மேல் இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால், உங்களுக்கும் மேற்குக்கும் நடுவில் ஏரி இருக்க வேண்டும். அதாவது நீங்கள் நிற்க வேண்டியது கிழக்குக் கரை. கைபேசி வரைபடத்தைச் செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். ஏரி வடக்கு தெற்காக நீண்டிருந்தால் கவலையே இல்லை, கிழக்குக் கரை நெடுக இடம் கிடைக்கும். கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் கிழக்கு முனையைத் தேடிப் போங்கள். அங்கே ஏரியின் மொத்த நீளமும் எதிரே கிடக்கும். கரையிலிருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, படகுத்துறை, அணைக்கரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திசை. மார்ச் 21, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டித்தான் சூரியன் நேர் மேற்கில் மறையும். ஜூனில் வடக்கே தள்ளிப் போகும், டிசம்பரில் தெற்கே. நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்த விலகல் இருபுறமும் சுமார் 23 டிகிரி. அட்சரேகை 45 டிகிரியில் 34 வரை போகும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் கிட்டத்தட்ட 10 டிகிரி. அப்படியென்றால் ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே குறைந்தது நாலரை முஷ்டி தூரம் சூரியன் இடம் மாறுகிறது. யாரோ டிசம்பரில் எடுத்த அழகான படத்தை நம்பி ஜூனில் அதே இடத்தில் போய் நின்றால், சூரியன் தண்ணீரை விட்டுவிட்டு ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும். படத்தைவிடப் படத்தின் தேதி முக்கியம்.

எதிர்க்கரையில் மலை இருக்கிறதா என்றும் பாருங்கள். பஞ்சாங்கமும் கைபேசியும் சொல்லும் நேரம் சமதளத் தொடுவானத்துக்கானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் மணிக்கு சுமார் 15 டிகிரி இறங்குகிறது. மலை ஒரு முஷ்டி உயரம் இருந்தால் 40 நிமிடம் முன்னதாகவே ஆட்டம் முடிந்துவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக சூரியன் சாய்வாக இறங்கும், இழப்பு இன்னும் கூடும். அதனால் மலைத்தொடரில் எங்கே பள்ளம் விழுகிறதோ அதற்கு நேர் எதிரே வருகிற மாதிரி கரையில் நகர்ந்து நில்லுங்கள்.

இவ்வளவும் வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அப்புறம் பிற்பகலிலேயே ஒரு நடை போய் வாருங்கள். உயரமான இடம்தான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. மேலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீரின் சொந்தப் பச்சையும் கலங்கலும்தான் தெரியும். கண் தாழ இருக்க இருக்க, சாய்ந்த கோணத்தில் தண்ணீர் வானத்தை அதிகமாகப் பிரதிபலிக்கும். என் ஓட்டு படித்துறையின் கடைசிக்கு முந்தைய, காய்ந்த படிக்கு. அதிலும் ஒரு சிக்கல்: கோரைப்புல். நின்று பார்க்கும்போது முழங்கால் உயரத்தில் அப்பாவியாகத் தெரியும். உட்கார்ந்தால் அதன் நுனிகள் சரியாகச் சூரியனை நறுக்கும். எனவே இடத்தை உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள், நின்று அல்ல. கடைசிப் படியில் பாசி இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பகலில் ஏரியிலிருந்து கரைக்கு வீசும் காற்று, தரை ஆற ஆற அடங்கும். முழுக்க அடங்கினால் தண்ணீர் கண்ணாடி. லேசான சிற்றலை இருந்தால் சூரியனின் பிம்பம் நீண்டு உங்கள் காலடி வரை தூண்போல வரும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

மேகமே இல்லாத வானம் பார்க்க வெறுமையாகத்தான் இருக்கும். உச்சியில் மெல்லிய உயர்மேகம், மேற்கே அடிவானத்தில் மட்டும் ஒரு இடைவெளி: இது அமைந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுங்கள். மழை ஓய்ந்த மாலையில் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், நிறங்கள் தெளிவாக விழும். மேற்கே தாழ்ந்த கருமேகம் அடைத்து நின்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சூரியன் மறைந்த கையோடு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உயர்மேகங்களில் நல்ல சிவப்பு ஏறுவது அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில். அந்த நேரத்தில் கிழக்கேயும் ஒருமுறை திரும்புங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் பட்டை ஒன்று மெல்ல எழும்பும், அதன்மேல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். மேற்குக் கரை விடுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது ஏரிக்கு மேலேயே தெரியும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பைனாகுலர் வழியாகவோ, பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாகவோ சூரியனைப் பார்க்காதீர்கள், எவ்வளவு சிவந்திருந்தாலும் சரி. திரும்பி வர டார்ச், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. பூங்கா வழியாகப் போக வேண்டிய இடமென்றால், வாயிலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று உள்ளே நுழையும்போதே காவலாளியிடம் கேட்டுவிடுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கே பூட்டுகிறார்கள் என்றால் வேறு இடம் தேடுவது நல்லது. மேகம் சிவக்க ஆரம்பிக்கும்போதுதான் விசில் ஊதுவார்கள்.