சூடேறினால் படுக்கும் பவர் சப்ளை

காட்பாடியில் என் மேசையிலிருந்த 12 வோல்ட் பவர் சப்ளை, போட்டதும் நன்றாக ஓடும். பத்து நிமிஷத்தில் அவுட்புட் விழுந்துவிடும். வேலூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். வோல்ட்டேஜை 12-லேயே நிறுத்தி வைக்கும் 7812 ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றியும் அதே கதை. இன்புட் 18 வோல்ட், அசையவில்லை.

மூங்கில் குச்சியால் ரெகுலேட்டரை மெல்லத் தட்டினேன். மீட்டர் 12-க்கும் பூஜ்யத்துக்கும் தாவியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், அவுட்புட் காலைச் சுற்றி ஈயத்தில் முடி போல ஒரு வட்ட விரிசல்!

முதலில் சால்டர் வைத்துவிட்டுப் பிறகு சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கில் ஸ்க்ரூ முறுக்கியிருந்தேன். அந்த இழுப்பெல்லாம் காலிலேயே தங்கி, சூடேறும்போதெல்லாம் ஈயத்தைப் பிளந்திருக்கிறது. இந்த முறை ரெகுலேட்டரின் உடம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி கால்களைப் பிளையரால் பிடித்து வளைத்தேன். ஸ்க்ரூ இறுகிய பிறகே சால்டர். மதியம் முழுக்க 12.02 வோல்ட். கழற்றிப்போட்ட பழைய இரண்டும் நல்லவைதான்.