ரங்கூன் கலவரங்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் முறை

செட்டிநாட்டில் பர்மாவின் பேச்சு எழாத வீடு அரிது. ஆனால் ரங்கூனில் நடந்தவற்றை எல்லாம் ‘பர்மாக்காரன் அடித்தான், ஓடி வந்தோம்’ என்ற ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அதை அப்படியே எழுதிவைத்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பகை போய்ச்சேரும், காரணம் போய்ச்சேராது. ஆகவே, பேசுவது எந்த ஆண்டைப் பற்றி என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

1930 மே மாதக் கலவரம் துறைமுகக் கூலியிலிருந்து கிளம்பியது. தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பர்மியரைச் சேர்த்துக்கொண்டு, அது தீர்ந்ததும் அவர்களை விலக்கியதே பொறியாயிற்று. 1938 ஜூலையில், பௌத்தத்தை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு நூலை முன்னிட்டு முஸ்லிம்களைக் குறிவைத்துத் தொடங்கிய வன்முறை மற்ற இந்தியர்களையும் தொட்டது. 1942இல் நம்மவர் கால்நடையாக ஊர் திரும்பியது போரினால்; 1964இல் கப்பலேறியது கடைகள் நாட்டுடைமை ஆனதால்.

அடுத்து, மொழியைப் பற்றித் தனியே கேளுங்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். கடைத்தெருவில் இந்துஸ்தானி செல்லுபடியானது. தம் தலைநகரிலேயே தம் மொழி பின்தள்ளப்பட்டதைக் கண்ட பர்மிய இளைஞர்கள், 1930இல் தோன்றிய தொபாமா இயக்கத்தின் வழியே ‘பர்மா நம் நாடு, பர்மியம் நம் மொழி’ என்று முழங்கினார்கள். மொழிக்காகக் குரல் கொடுத்த தமிழ்நாட்டில் வாழும் நமக்கு அந்த மனக்குறை விளங்காமல் போகாது. பொருளாதாரப் பெருமந்தத்துக்குப்பின் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாக, அங்கே வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களான நம்மவர் கைக்கு வந்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் கலவரத்தைக் கேட்காதீர்கள். என் ஆயா (பாட்டி) படி அரிசியை அளக்கும்போது ‘தித், நித், தோன், லே’ என்று பர்மிய எண்களைத்தான் முணுமுணுப்பார். அந்த எண்களை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதும்தான் அண்டைவீடும், அந்த வீட்டுப் பிள்ளைகளும், பிறகு அந்த ஜூலை மாதமும் வந்தன. நம்மை அவர்கள் ‘கலா’ என்று, இந்தியரை இழிவாகக் குறிக்கும் சொல்லால் அழைத்ததை எழுதும்போது, நாம் அவர்களை என்ன சொல்லி ஏசினோம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறு பக்கங்களில் குறியுங்கள்.

தேதிக்குப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பேரேட்டிலும் கடிதங்களிலும் தமிழ் ஆண்டே இருக்கும்: பிரமோதூத வருஷம் வைகாசி என்றால் 1930 மே, ஜூன், வெகுதானிய வருஷம் ஆடி என்றால் 1938 ஜூலை, ஆகஸ்ட். தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கும்போதே உடனிருத்தி வாசியுங்கள். பூச்சி அரித்த தாளைப் பிரிக்காமல் படம் எடுப்பது போதும்.

எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். 1938இல் ஆறு வயதுச் சிறுமியான ஆயாவையும் அவர் தாயாரையும் நெல் மூட்டைகளுக்குப் பின்னே உட்காரவைத்துக் கதவைத் தாழிட்ட பர்மியக் காவலாளியை நான் ‘அவன்’ என்று எழுதியிருந்தேன். வாசிப்பை நிறுத்தச் சொன்ன ஆயா, ‘அவர்’ என்று திருத்திய பிறகே மேலே படிக்கவிட்டார்.